டிக்கியைத் திறந்து பார்த்து வாங்குங்கள்!

குழந்தைகள், தாத்தா பாட்டி, கூடவே நாய்... பெரிய எஸ்யூவியை செகண்ட் ஹேண்டில் தேடும் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பொங்கலுக்கு ஊருக்குப் போவது பலருக்கு டிக்கெட் கிடைத்துவிட்டால் தீர்ந்துவிடும் பிரச்னை. வீட்டில் ஒரு லாப்ரடாரோ ராஜபாளையமோ இருந்தால் அதோடு தீராது. ரயிலில் நாயைக் கூடவே வைத்துக்கொள்ள வேண்டுமானால் முதல் வகுப்பில் இருவர் கூபேயையோ நால்வர் கேபினையோ முழுதாக நம் பெயரில் எடுக்க வேண்டும். இல்லையென்றால் கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க்கூண்டில்தான் விட வேண்டும். ஆம்னி பஸ்களில் பெரும்பாலும் ஏற்றவே மாட்டார்கள். கடைசியில் சொந்த வண்டிதான் கதி.

சின்ன காரில் சமாளித்த காலம் இரண்டாவது குழந்தை பிறந்ததும் முடிந்துவிடும். குழந்தை சீட் ஒரு பக்கம், மடக்கு வண்டி ஒரு பக்கம், ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மா, எல்லோருடைய கால்களுக்கும் நடுவில் 30 கிலோ நாய். ‘பெரிய வண்டி வாங்கிவிடலாம்’ என்ற பேச்சு அங்கேதான் தொடங்கும். ஷோரூமுக்குப் போனால் அடுத்த அதிர்ச்சி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட ஆயுள் வரியின்படி 10 முதல் 20 லட்ச ரூபாய் வரையிலான கார்களுக்கு 18%, அதற்கு மேல் 20%. அதாவது 25 லட்ச ரூபாய் வண்டிக்கு வரி மட்டுமே 5 லட்சம்!

செகண்ட் ஹேண்ட் வண்டியின் முதல் லாபம் இதுதான். தமிழ்நாட்டில் பதிவான வண்டி என்றால் ஆயுள் வரியை முதல் உரிமையாளரே கட்டி முடித்திருப்பார். இரண்டாவது லாபம், நாய் வளர்ப்பவர்களுக்கே புரியும். புது வண்டியின் சீட்டில் விழும் முதல் நகக்கீறல் வீட்டில் சண்டையைக் கிளப்பும். ஐந்து வயது வண்டியில் அது பத்தோடு பதினொன்று.

ஆனால், இப்படி வாங்கக் கிளம்பும் பல குடும்பங்கள் வண்டியை முன்னாலிருந்து பார்க்கத் தொடங்குகின்றன. கிரில், அலாய் வீல், டச் ஸ்கிரீன், சன்ரூஃப் எல்லாம் பார்த்து மயங்கி, அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, நாயை ஏற்றும்போதுதான் பின்பக்கம் போகிறார்கள். பார்வையைத் திருப்பிப் போடுங்கள். முதலில் டிக்கி, பிறகு மூன்றாம் வரிசை, பிறகு நடு வரிசை, கடைசியில் டிரைவர் சீட். நாயும் குழந்தையும் உள்ள வீட்டுக்கு வண்டி பார்க்க இதுதான் சரியான வரிசை.

ஏழு சீட்டில் நாய்க்கு எந்த சீட்?

விளம்பரங்களில் ‘செவன் சீட்டர்’ என்று போட்டிருக்கும். ஏழு பேரும் உட்கார்ந்த பிறகு டிக்கியில் மிச்சமிருக்கும் இடத்தில் இரண்டு பைகள் நிற்கும். நாய் நிற்காது. எனவே கணக்கைத் தலையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐந்து பேரும் ஒரு பெரிய நாயும் என்றால் விடை எளிது. மூன்றாம் வரிசையை முழுதாக மடித்துவிட்டால் நாய்க்கு ஒரு பாதி, பெட்டிகளுக்கு ஒரு பாதி. ஆறு பேரும் ஒரு நாயும் என்றால் மூன்றாம் வரிசை பாதிப் பாதியாக மடிய வேண்டும். ஒரு பக்கம் வளர்ந்த பிள்ளை, மறுபக்கம் பெல்ட் மாட்டிய நாய். பெட்டிகள் மேல் கேரியருக்குப் போக வேண்டியதுதான். ஏழு பேரும் நாயும் ஒரே வண்டியில் போக வேண்டும் என்றால், நம் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் எந்த ஏழு சீட் எஸ்யூவியும் அதற்குச் சரிப்படாது. அந்த ஒரு பயணத்துக்கு இன்னொரு வண்டியை வாடகைக்கு எடுப்பதே நல்லது.

நாய்கள் இரண்டு என்றால் மூன்றாம் வரிசை முழுவதும் அவற்றுக்கே என்று எழுதி வைத்துவிடுங்கள். குடும்பம் ஐந்து பேருக்குள் இருந்தால்தான் இது சாத்தியம். வாங்கப்போகும் வண்டி இன்னும் ஏழெட்டு வருடம் வீட்டில் நிற்கும். அதற்குள் எத்தனை பேர் சேர்வார்கள், எத்தனை பேர் விடுதிக்குப் போவார்கள் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது.

மடியும் விதத்தில் இருக்கிறது சூட்சுமம்

மூன்றாம் வரிசை எப்படி மடிகிறது என்பதை விற்பனை விளம்பரங்களில் யாரும் எழுதுவதில்லை. நாய்க்கு அதுதான் எல்லாமே.

டொயோட்டாவின் இன்னோவா கிரிஸ்டாவிலும் ஃபார்ச்சூனரிலும் கடைசி வரிசை சீட்டுகள் இரண்டாகப் பிரிந்து, பக்கவாட்டில் தூக்கிக் கட்டப்படும். இதனால் தரை தாழ்வாகக் கிடைக்கும். உயரமான நாய் நிமிர்ந்து நிற்கலாம். ஆனால் சீட்டுகள் இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டு அகலத்தைத் தின்றுவிடும், பக்கக் கண்ணாடியையும் மறைக்கும். கயிற்றையும் கொக்கியையும் நாய் கடித்து விளையாடும் வாய்ப்பும் உண்டு.

டாடா சஃபாரி, மஹிந்திரா எக்ஸ்யூவி700, அதற்கு முந்தைய எக்ஸ்யூவி500, ஃபோர்டு எண்டேவர் ஆகியவற்றில் கடைசி வரிசை தரையோடு படுத்துவிடும். மேலே ஒரு ரப்பர் மேட் விரித்தால் மேடை தயார். அகலம் முழுதாகக் கிடைக்கும். தரை மட்டம் சற்று உயரும் என்பதால் நாயின் தலைக்கும் கூரைக்கும் உள்ள இடைவெளி குறையும். சிப்பிப்பாறை, ராஜபாளையம் போன்ற நெடுங்கால் நாய்களுக்கு இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஸ்கார்பியோ-என் வண்டியில் கடைசி சீட்டை மடித்தாலும் அது தரையோடு சமமாகப் படுக்காது. பழைய ஸ்கார்பியோவின் சில மாடல்களில் பின்னால் எதிரெதிரே பார்த்த பக்கவாட்டு சீட்டுகள் இருக்கும். நடுவில் நாய் படுக்க இடம் கிடைக்கும் என்றாலும், அந்த சீட்டில் குழந்தைகளை உட்காரவைப்பது பாதுகாப்பில்லை.

வண்டி பார்க்கப் போகும்போது கையில் டேப் இருக்கட்டும். நாய் கால் நீட்டிப் படுக்கும் நீளம், நிற்கும்போது தரையிலிருந்து தலை வரை உயரம், இந்த இரண்டு அளவுகளையும் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். டிக்கியில் நீளத்தை நடு வரிசை சீட்டின் முதுகிலிருந்து பின்கதவு வரை அளக்க வேண்டும். அகலத்தை இரண்டு சக்கர மேடுகளுக்கு நடுவே அளக்க வேண்டும். கதவை மூடிய பிறகு கண்ணாடி உள்பக்கம் சாய்வதால் குறையும் இடத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்.

வீட்டையும் அளப்பது முக்கியம். ஃபார்ச்சூனரின் நீளம் 4,795 மி.மீ., கிரிஸ்டா 4,735, எக்ஸ்யூவி700 4,695, சஃபாரி 4,661. எண்டேவர் ஏறத்தாழ 4.9 மீட்டர். போர்டிகோவில் வண்டி நுழைந்துவிடும். ஆனால் பின்சுவருக்கும் வண்டிக்கும் நடுவே டிக்கியை மேலே தூக்கித் திறக்க இடம் இருக்குமா? நாய் ஏறுவது அந்தக் கதவு வழியாகத்தான். அடுக்குமாடியில் தூண்களுக்கு நடுவே நிறுத்துபவர்கள் இதைப் பார்க்காமல் வாங்கினால், தினமும் வண்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டு நாயை ஏற்ற வேண்டியிருக்கும்.

ஏறும் உயரமும் ஏ.சி. காற்றும்

ஃபார்ச்சூனர், எண்டேவர், ஸ்கார்பியோ எல்லாம் லாரி போல சேஸிஸ் மேல் பாடி வைத்துக் கட்டிய வண்டிகள். மண் பாதையில் ராஜா. ஆனால் டிக்கியின் விளிம்பு உயரத்தில் இருக்கும். இரண்டு வயது நாய் தாவி ஏறிவிடும். எட்டு வயது நாய் முன்னங்காலை வைத்துவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வரும். அந்த நாய்களைத் தினமும் உயரத்திலிருந்து குதிக்க விடுவது வலியை வரவழைக்கும் வேலை. 30 கிலோவைத் தூக்கி ஏற்றினால் நம் இடுப்புக்கும் அதே கதி. உயர வண்டிதான் வேண்டும் என்றால் மடிக்கக்கூடிய சாய்வுப் பலகை ஒன்றையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். பாட்டி நடு வரிசையில் ஏறுவதற்கும் இதே உயரம் பொருந்தும். கைப்பிடி எங்கே இருக்கிறது, ஃபுட்ஸ்டெப் உறுதியாக இருக்கிறதா என்று அவரையே ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது ஏ.சி. முன்சீட்டில் உட்கார்ந்து ‘சூப்பர் கூலிங் சார்’ என்று சொல்வதைக் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள். நாய் உடம்பைக் குளிரவைத்துக்கொள்வது பெரும்பாலும் மூச்சிரைப்பால். சுற்றியுள்ள காற்றே சூடாக இருந்தால் அதற்கு வேறு வழியில்லை. எனவே மதியம் இரண்டு மணி வெயிலில் வண்டியைக் கேளுங்கள். கடைசி வரிசையில் பத்து நிமிடம் நீங்களே உட்காருங்கள். கிரிஸ்டாவிலும் எண்டேவரிலும் கூரையிலிருந்து பின்வரிசைகளுக்குக் காற்று வரும் அமைப்பு உண்டு. ஆனால் பழைய வண்டியில் பின் ஏ.சி.யின் பிளோயர் வேலை செய்யாமல் போயிருப்பது சகஜம். முன்னால் ஜில்லென்று இருப்பதால் உரிமையாளருக்கே அது தெரிந்திருக்காது.

எந்த வண்டி வாங்கினாலும் ஒரு விதிக்கு விலக்கே இல்லை: நாயைப் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. நிறுத்திய காரின் உள்வெப்பம் முதல் பத்து நிமிடத்திலேயே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. கத்திரி வெயிலில் அது உயிர்ப் பிரச்னை. குழந்தைக்கும் இதேதான்.

குழந்தைக்கும் நாய்க்கும் நடுவே ஒரு சுவர்

50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எதன் மேலோ மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வையுங்கள். கட்டப்படாத 30 கிலோ நாய் 400 கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு முன்னால் பாயும். அதன் பாதையில் இருப்பது நடு வரிசையில் உள்ள குழந்தையின் தலை. பாசத்தால் நாயை மடியில் வைத்துக்கொள்பவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாய் மட்டுமல்ல, குழந்தையும் கட்டப்பட்டிருக்க வேண்டும். 14 வயது நிரம்பாத குழந்தை சீட் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் பயணித்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவில் 1,000 ரூபாய் அபராதம். சின்னக் குழந்தையின் சீட்டை உறுதியாகப் பூட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் நடு வரிசையில் இருக்கின்றனவா என்று சீட்டின் இடுக்கில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். மாடலுக்கு மாடல், வேரியன்ட்டுக்கு வேரியன்ட் இது மாறும்.

இங்கேதான் நடு வரிசை எப்படிப்பட்டது என்ற கேள்வி வருகிறது. தனித்தனி கேப்டன் சீட்டுகள் பார்க்க ஜம்மென்று இருக்கும். தாத்தா பாட்டிக்குச் சொகுசு. ஆனால் நடுவில் வழி இருப்பதால் பின்னால் இருக்கும் நாய் இரண்டே நொடியில் முன்னால் வந்து குழந்தையின் பிஸ்கட்டைப் பிடுங்கும். பிரேக் அடித்தால் அதே வழியாகப் பறந்தும் வரும். நீளமான பெஞ்ச் சீட் இருந்தால் அதன் முதுகே தடுப்புச் சுவர். அதன் மேல் கூரை வரை ஒரு இரும்புக் கிரில்லை மாட்டிவிட்டால் போதும். கிரிஸ்டாவில் ஏழு சீட் வண்டிக்கு கேப்டன் சீட், எட்டு சீட் வண்டிக்கு பெஞ்ச். சொகுசு குறைவு என்று பலர் ஒதுக்கும் எட்டு சீட் கிரிஸ்டாதான் நாய் வீட்டுக்குப் பொருத்தம்.

சன்ரூஃப் உள்ள வண்டி கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். குழந்தையோ நாயோ அதில் தலையை நீட்டி நிற்பது ஆபத்து, நம் வெயிலுக்கு அது பெரும்பாலான நாள் மூடியேதான் இருக்கும். அதைவிடப் பயனுள்ளது ஜன்னல் லாக் பட்டன். நாயின் முன்னங்கால் பட்டு பவர் விண்டோ இறங்கிய கதைகள் நாய் வளர்ப்பவர்கள் எல்லோரிடமும் இருக்கும்.

யாருக்கு எது?

டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா: 2016இல் வந்தது. எஸ்யூவி என்று சொல்ல முடியாது, எம்பிவி ரகம். ஆனாலும் பெரிய குடும்பத்துக்கான பட்டியலில் இதைத் தள்ளிவிட்டு எழுத முடியாது. ஏறி இறங்கச் சுலபம், பின் ஏ.சி. உண்டு, எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார், திரும்ப விற்றாலும் விலை நிற்கும். அதனாலேயே செகண்ட் ஹேண்டில் விலை இறங்காது. டாக்ஸியாக ஓடிய வண்டியைத் தவிர்ப்பதுதான் பெரிய சவால்.

டாடா சஃபாரி: 2021இல் வந்த புதிய சஃபாரியில் 2 லிட்டர் டீசல், 170 குதிரைத் திறன். லேண்ட் ரோவர் தளத்திலிருந்து உருவான கட்டுமானம். 2023இல் புதுப்பிக்கப்பட்ட சஃபாரி, குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள், குழந்தைகள் இரண்டு பிரிவிலும் 5 நட்சத்திரம் வாங்கியது. அதற்கு முந்தைய வண்டிகளைப் பார்க்கும்போது எலெக்ட்ரானிக் பொருள்கள் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

மஹிந்திரா எக்ஸ்யூவி700: செங்கல்பட்டு அருகே உள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் உருவான வண்டி, 2021இல் வந்தது. குளோபல் என்கேப்பில் பெரியவர்களுக்கு 5, குழந்தைகளுக்கு 4 நட்சத்திரம். நெடுஞ்சாலையில் அமைதி, டிக்கித் தரை சமதளம். பட்ஜெட் குறைவு என்றால் 2018க்குப் பிறகு வந்த எக்ஸ்யூவி500 நல்ல தேர்வு.

மஹிந்திரா ஸ்கார்பியோ-என்: கிராமத்து வீடு, தோட்டம், மண் பாதை உள்ளவர்களுக்கு. பெரியவர்களுக்கு 5 நட்சத்திரம் வாங்கிய வண்டி, குழந்தைகள் பிரிவில் 3தான். டிக்கியும் நாய்க்குத் தோதாக இல்லை.

ஃபோர்டு எண்டேவர்: நம் மறைமலை நகரில் தயாரான வண்டி. இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் ஃபோர்டு அறிவித்ததும் இதன் கதை முடிந்தது. இடத்துக்கும் உறுதிக்கும் குறையே இல்லை. சர்வீஸும் உதிரிபாகமும் தொடர்கின்றன. ஆனால் உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டாடா ஹெக்ஸா: 2017 முதல் 2020 வரை விற்றது. விலைக்குக் கிடைக்கும் இடத்தைப் பார்த்தால் இதற்குப் போட்டி குறைவு. அதிகம் விற்காத மாடல் என்பதால் திரும்ப விற்கும்போது விலை அடிபடும். பத்து வருடம் வைத்து ஓட்டப்போகிறவருக்கு அது ஒரு பொருட்டல்ல.

டீசலா, பெட்ரோலா என்பதற்கு ஒரே அளவுகோல் தினசரி ஓட்டம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டமே வாடிக்கை என்றால் அது சூடாகிக் கரியை எரிக்க நேரம் கிடைக்காமல் அடைத்துக்கொள்ளும். சுத்தம் செய்யும் செலவு பெரிது. ஊருக்குள்ளேயே சுற்றுபவர்களுக்கு பெட்ரோல். மாதம் இரண்டு முறையாவது நெடுஞ்சாலை பார்ப்பவர்களுக்கு டீசல்.

‘டாக்டர் வண்டி சார்!’

ஈரோட்டிலிருந்து சென்னை வரை எந்த செகண்ட் ஹேண்ட் கார் கன்சல்டிங்கில் நுழைந்தாலும் காதில் விழும் வசனம் ஒன்று உண்டு: “சிங்கிள் ஓனர், டாக்டர் வண்டி சார், கீறலே இல்ல.” கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு குனிந்து பாருங்கள்.

முதல் சந்தேகம் வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் மறுபடி சென்னையும், அதே மாதம் தூத்துக்குடி, திருநெல்வேலியும் தண்ணீரில் நின்றன. அப்படி மூழ்கிய வண்டிகள் கழுவப்பட்டு, புது சீட் கவரோடு சந்தைக்கு வரும். பின்சீட்டின் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். வெளியே தெரியும் பகுதி சுத்தமாக இருக்கும்; சுருளுக்குள் இருந்த கடைசி ஓரடியில் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தால் அதுவரை தண்ணீர் ஏறியிருக்கிறது. டிக்கியின் தரை மேட்டைத் தூக்கி, ஜாக்கி வைத்திருக்கும் குழியில் விரலால் தடவுங்கள். உலர்ந்த வண்டல் மண் மாவு போல விரலில் ஒட்டும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்த்திவலை, பெர்ஃப்யூமை மீறி வரும் பூஞ்சை வாடை எல்லாம் சேர்ந்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.

இரண்டாவது சந்தேகம் மஞ்சள் போர்டு. டாக்ஸியாக ஓடி வெள்ளை போர்டுக்கு மாற்றப்பட்ட வண்டிகள், முக்கியமாக இன்னோவா, நிறைய உண்டு. வாடகை வண்டிகளில் மாட்டும் ஸ்பீடு கவர்னரின் வயரோ, அதைக் கழற்றிய தடயமோ பானெட்டுக்குள் இருக்கிறதா என்று மெக்கானிக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். சொந்த வண்டியில் கடைசி வரிசை சீட் புதிதாகவே இருக்கும். வாடகை வண்டியில் அதுவும் தேய்ந்திருக்கும்.

மூன்றாவது, மீட்டர். கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது நம் ஊரில் புதிய வித்தை இல்லை. வண்டி எண்ணை வைத்து அந்த கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் வரலாற்றை எடுத்தால், எந்தத் தேதியில் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. 30,000 கி.மீ. ஓடிய வண்டியில் நான்கு டயரும் வேறு வருடமாக இருந்தால் காரணம் கேளுங்கள். கண்ணாடிகளிலும் தயாரிப்புக் குறி உண்டு. ஒன்று மட்டும் மாறியிருந்தால் அந்தப் பக்கம் பட்டி போட்டு டிங்கரிங் செய்யப்பட்டதா என்று உற்றுப் பார்க்க வேண்டும். சாவியைப் போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றாலும் சந்தேகப்படுங்கள்.

முந்தைய உரிமையாளரும் நாய் வளர்த்தவரா என்று தெரிந்துகொள்ள ஏ.சி. ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தால் போதும். நாய் முடி அங்கே சிக்கியிருக்கும். அது குறையல்ல, விலையைக் குறைக்க உதவும் ஒரு காரணம்.

காகிதம் பேசட்டும்

பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது உரிமையாளர், லோன் இருக்கிறதா, இன்ஷூரன்ஸ் எதுவரை, அபராதச் சலான் பாக்கி உண்டா என்று பாருங்கள். லோன் முடிந்திருந்தால் வங்கியின் என்.ஓ.சி.யும் 35ஆம் எண் படிவமும் வேண்டும், ஆர்.சி.யில் லோன் அடமானக் குறிப்பு (ஹெச்.பி.) ரத்தாகியிருக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். வேறு மாநில வண்டி என்றால் 28ஆம் எண் படிவத்தில் அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. கட்டாயம்.

வேறு மாநில வண்டி விலை குறைவாகக் கிடைக்கும். டெல்லி தலைநகர வட்டாரத்தில் 10 வயது தாண்டிய டீசல் வண்டிகளும் 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்ற தடையை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பின்னால் தளர்வுகள் வந்தாலும், அந்தப் பயத்தில் விற்கப்பட்ட பெரிய டீசல் வண்டிகள் தெற்கே வந்தபடியே இருக்கின்றன. புதுச்சேரி எண் வண்டிகளும் விலை குறைவாகக் கிடைக்கும். அவற்றைத் தமிழ்நாட்டில் நிரந்தரமாக வைத்து ஓட்ட வேண்டுமானால் வயதுக்கேற்ற ஆயுள் வரியை இங்கே கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். அந்தத் தொகையையும் அலைச்சலையும் விலையோடு கூட்டிப் பார்த்தால் ‘சீப்’ என்று நினைத்தது பல நேரம் சமமாகிவிடும். ஆர்.சி. 15 ஆண்டுக்குச் செல்லும் என்பதால் 2013 வண்டிக்கு 2028இல் புதுப்பிப்பு வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்ஷூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நோ கிளைம் போனஸ் விற்றவருக்குச் சொந்தம், வண்டியோடு வராது. ‘போனஸ் 50% இருக்கு சார்’ என்று சொல்லி அதற்கும் விலை வைத்தால் ஏமாறாதீர்கள்.

விலை பேசும்போது விற்பவர், தான் அன்று கொடுத்த ஆன்ரோடு விலையிலிருந்து கழிக்கத் தொடங்குவார். நீங்கள் இன்றைய புது வண்டியின் விலையிலிருந்து கழிக்கத் தொடங்குங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய எஸ்யூவிகளுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 50% ஆக இருந்த வரி 40% ஆகிவிட்டது. புது வண்டியே இறங்கியிருக்கும்போது பழையதும் இறங்கித்தான் ஆக வேண்டும். டீலரிடம் வாங்கினால் 18% ஜி.எஸ்.டி. என்பது அவருடைய லாப வித்தியாசத்துக்கு மட்டும்தான். முழு விலைக்கும் அல்ல. தனிநபர் தன் சொந்தக் காரை உங்களுக்கு விற்றால் ஜி.எஸ்.டி.யே கிடையாது.

எவ்வளவு பேரம் பேசினாலும் விலையில் பத்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். டயர், பேட்டரி, சஸ்பென்ஷன், பின் ஏ.சி. ஆகியவற்றில் ஏதாவது ஒன்று முதல் ஆறு மாதத்துக்குள் கைவைக்கச் சொல்லும். நாய்க்கான கிரில், பெல்ட், மேட் செலவும் அதற்குள் அடங்கிவிடும்.

டெஸ்ட் டிரைவுக்கு நாயையும் கூட்டிப் போங்கள்

நாய் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லி அனுமதி வாங்குங்கள். பழைய போர்வை ஒன்றை டிக்கியில் விரியுங்கள்.

கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பிருந்தே நாய்க்குச் சாப்பாடு வேண்டாம், தண்ணீர் கொடுக்கலாம்.

நாயே ஏறுகிறதா, தயங்குகிறதா? படுத்தால் திரும்பிப் படுக்க இடம் இருக்கிறதா?

குழந்தை சீட்டைக் கையோடு கொண்டு போய் மாட்டிப் பாருங்கள். மாட்டிய பிறகு முன்சீட்டை எவ்வளவு பின்னால் தள்ள முடிகிறது?

வீட்டில் எல்லோரும் ஏறிய பிறகு வேகத்தடையில் ஓட்டிப் பாருங்கள். ஒருவரோடு ஓட்டும்போது கேட்காத சஸ்பென்ஷன் சத்தம், ஆறு பேரோடு கேட்கும்.

நமது சிபாரிசு

ஐந்து பேரும் ஒரு பெரிய நாயும் உள்ள, அடிக்கடி நெடுஞ்சாலையில் போகும் குடும்பத்துக்கு பெஞ்ச் சீட் உள்ள ஏழு சீட் சஃபாரி அல்லது எக்ஸ்யூவி700. வயதான பெற்றோரும் வயதான நாயும் இருந்தால், வாடகைக்கு ஓடாத எட்டு சீட் கிரிஸ்டா. பட்ஜெட் இடித்தால் எக்ஸ்யூவி500 அல்லது ஹெக்ஸா. இரண்டு பெரிய நாய்களும் நம்பிக்கையான மெக்கானிக்கும் இருந்தால் எண்டேவர். ஃபார்ச்சூனர் நல்ல வண்டிதான். ஆனால் அதற்கு நீங்கள் கொடுக்கும் கூடுதல் விலையில் நாய்க்கோ குழந்தைக்கோ கூடுதலாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை.

எதை வாங்கினாலும் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரை அழைத்துப் போய் லிஃப்ட்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். அதற்குச் சம்மதிக்காத விற்பனையாளரிடம், எவ்வளவு குறைந்த விலையாக இருந்தாலும், அந்த வண்டியை வாங்காதீர்கள்.